ஓடும்போது இழுவை போய்விடுகிறது: அடுத்த பார்ட்ஸை மாற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஆறு வயதான 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பழைய கார் டீலரிடம் வாங்கியது. சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து கிளம்பி, கேபிஇ விரைவுச்சாலையின் சுரங்கப்பாதையிலிருந்து மேலேறித் தீவு விரைவுச்சாலையில் சேர ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஒரு மாதமாகத் திடீரென்று இழுவை போய்விடுகிறது. எஞ்சின் அணைவதில்லை, ஆனால் வேகம் 50, 60-ஐத் தாண்ட மறுக்கிறது. ஓரம் கட்டி, அணைத்து, உடனே ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. முதலில் ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்சாரம் தரும் காயிலும் மாற்றினார்கள், அப்புறம் ஃப்யூவல் பம்ப், இப்போது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார்கள். "இதே அனுபவம் யாருக்காவது உண்டா, எந்தப் பார்ட்ஸ் மாற்றினால் சரியாகும்?" என்று முடித்திருக்கிறீர்கள். கேட்டது பார்ட்ஸ் பெயரைத்தான். ஆனால் உங்கள் பதிவைப் படித்தால் உள்ளே இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஊகத்துக்கெல்லாம் பணம் கட்டுவதை எப்படி நிறுத்துவது? அதுவரை மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்தக் காரை ஓட்டலாமா?

ஐடிஇ தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஆட்டோமோட்டிவ் படித்துவிட்டு ஒரு ஏஜென்ட் வொர்க்‌ஷாப்பில் பல வருடம் இருந்தேன், இப்போது காக்கி புக்கிட்டில் வேலை செய்கிறேன். காரைத் தொடாமல் இந்தப் பார்ட்ஸ்தான் பழுது என்று நானும் சொல்ல முடியாது, வேறு யாராவது அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் எழுதியதிலிருந்து எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துக் காட்ட முடியும். அதைச் செய்கிறேன்.

மற்றவர்களின் அனுபவத்தைக் கேட்டால் ஒருவர் காயில் என்பார், ஒருவர் கியர்பாக்ஸ் என்பார், இன்னொருவர் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுக் கடைசியில் ஒரு சின்னச் சென்சார்தான் என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஓட்டுபவரின் காலுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: மிதிக்கிறோம், வண்டி போகவில்லை. உள்ளே நடப்பது மூன்றில் ஒன்று. எஞ்சினே அணைந்துவிடலாம். எஞ்சின் ஓடிக்கொண்டே சக்தியைத் தர மறுக்கலாம். அல்லது எஞ்சின் நன்றாக உறுமியும் அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். அந்த நேரத்தில், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளை ஒரு பார்வை பார்த்தால் பாதி வேலை முடிந்தது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் முதல் வகை. எவ்வளவு மிதித்தாலும் 2,500, 3,000-க்கு மேல் ஏற மாட்டேன் என்றால் இரண்டாவது. முள் சர்ரென்று ஏறி வேகம் மட்டும் ஏறாவிட்டால் மூன்றாவது.

முதல் வகை உங்களுடையது இல்லை. இருந்தாலும் ஃப்யூவல் பம்பை மாற்றியவர் அதை மனதில் வைத்துத்தான் மாற்றியிருப்பார் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஓடும் எஞ்சின் பட்டென்று அணைவதற்குப் பழைய பாவி, எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் க்ராங்க்‌ஷாஃப்ட் சென்சார். சூடேறியதும் சிக்னல் நின்றுபோகும், எஞ்சின் அணையும், அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பிவிடும். வொர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் ஆறியிருப்பதால் அங்கே எதுவும் தெரியாது. எஞ்சினை ஓடவிட்டு, முடி காயவைக்கும் டிரையரை அந்தச் சென்சார்மேல் காட்டிக்கொண்டே இருப்போம். பழுது அதுவானால் சில நிமிடத்தில் முள் துள்ளும், எஞ்சின் அணையும். ஃப்யூவல் பம்பும் இதே போலச் சூட்டில் சாகும். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் பம்புக்குக் குளிர்ச்சி குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் சாகும். டென்சோ நிறுவனம் தயாரித்த பம்புகளுக்காக 2020-ல் டொயோட்டா தொடங்கிய திரும்பப் பெறுதல் உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் இம்பெல்லர் பெட்ரோலில் ஊறி உப்பி, சுற்றுச்சுவரில் உரசி, பம்ப் நின்றுவிடும். இன்னொன்று, மீட்டரில் எல்லாம் ஒரே நொடியில் இருண்டு ஸ்டியரிங்கும் கனத்தால் பேட்டரி இணைப்பையும் இக்னிஷன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் அமெரிக்காவில் கிளப்பிய பெரிய விவகாரம் இந்தச் சுவிட்ச்தான். சாவிக்கொத்தின் கனத்திலோ குலுக்கலிலோ சாவி தானாகத் திரும்பி, எஞ்சினும் காற்றுப்பையும் சேர்ந்து செயலிழந்தன. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. வீட்டுச் சாவி, லாக்கர் சாவி, பொம்மை எல்லாவற்றையும் கார்ச் சாவியோடு மாட்டுபவர்கள் இதை யோசிக்கலாம்.

மூன்றாவது வகை கியர்பாக்ஸ். உங்களுக்குப் பொருந்துமா என்பது முள்ளைப் பார்த்தால்தான் தெரியும், நீங்கள் அதை எழுதவில்லை. ஃபோக்ஸ்வாகன் 2013-ல் தன் 7 வேக டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) கியர்பாக்ஸ் பொருத்திய ஏறக்குறைய 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று ஓடும் நெரிசலில், செயற்கை எண்ணெய் காரணமாக கியர்பாக்ஸின் மின்சாரப் பகுதியில் கோளாறு வரக்கூடும் என்று மினரல் எண்ணெய் ஊற்றிக்கொடுத்தார்கள். வெப்பம், ஈரம், நெரிசல் மூன்றும் நம் ஊரின் அன்றாடம். கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் சிவிடி கியர்பாக்ஸில் வேறு கதை. மலேசியாவின் கெந்திங் மலை ஏறும்போது எண்ணெய் சூடேறிவிட்டால் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எஞ்சினை அடக்கும், இறக்கி ஆறவிட்டால் சரியாகும். டர்போ இல்லாத காராக இருந்தால் உயரமும் ஒரு காரணம். ஏறக்குறைய 100 மீட்டருக்கு 1 சதவீதம் சக்தி குறையும், கெந்திங்கின் உச்சியோ 1,800 மீட்டர் உயரம். அங்கே இழுவை குறைந்ததை எல்லாம் பழுது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி உங்கள் கார், இரண்டாவது வகையாகத் தெரிவது. நீங்கள் எழுதியதில் விலைமதிப்புள்ள வரி, "அணைத்து உடனே ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது" என்பது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துப்போயிருந்தாலோ, ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் போயிருந்தாலோ சாவியைத் திருப்பினால் குணமாகாது. சாவியைத் திருப்பியதும் குணமாவது கம்ப்யூட்டர் எடுத்த முடிவு. ஏதோ ஒரு சென்சார் சொன்ன எண்ணை நம்ப முடியாமலோ, கேட்ட அழுத்தம் கிடைக்காமலோ, எஞ்சினைக் காப்பாற்ற அது சக்தியைக் குறைத்துவிட்டது. லிம்ப் மோட் என்பது இதுதான். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பழுது அந்த நேரத்தில் தென்படாவிட்டால் பழையபடி சக்தியைத் தந்துவிடும். இவ்வளவும் ஏறக்குறைய நிச்சயம். ஒரே ஒரு நிபந்தனை: "உடனே" என்றால் உண்மையிலேயே உடனேதானா? பதினைந்து, இருபது நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினீர்கள் என்றால் குணப்படுத்தியது சாவியா, ஆறியதா என்று சொல்ல முடியாது. அடுத்த முறை கவனியுங்கள்.

கம்ப்யூட்டர் முடிவெடுத்தது என்றால் காரணத்தையும் கோடு (code) என்ற பழுது எண்ணாகக் குறித்துவைத்திருக்கும். கோடுடன் சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் இருக்கும்: அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எஞ்சினின் பாரம், கூலன்ட் சூடு, பெட்ரோல் கலவையை எவ்வளவு திருத்திக்கொண்டிருந்தது எல்லாம் அதில் தெரியும். "செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, அதனால் கோடு இருக்காது" என்று உங்கள் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. பல பழுதுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும், முதல் முறையிலேயே நிலுவைக் கோடாக உட்கார்ந்திருக்கும். சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியும் கைபேசியும் இருந்தால் நீங்களே படிக்கலாம். படித்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றினாலும் பதிவு போய்விடும். "கோடை அழித்துப் பார்ப்போம், வந்தால் பார்க்கலாம்" என்று சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும். மலிவுக் கருவி பெரும்பாலும் எஞ்சின் கோடை மட்டும்தான் காட்டும், கியர்பாக்ஸ் கோடுக்கு அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, என்ன கோடு வரலாம்? இங்கிருந்து சந்தேகப் பகுதி. சுரங்கத்திலிருந்து ஏற்றம், ஏர்கான், குடும்பம் முழுவதும் உள்ளே, முழு மிதி. எஞ்சினிடம் அதிகம் கேட்கும் நேரத்தில்தான் இது வருகிறது. டர்போ காரில் இப்படி வந்தால் நான் முதலில் பார்ப்பது பூஸ்ட் கசிவு, அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியில் கசிவது. கேட்ட காற்றழுத்தம் வராவிட்டால் பி0299 என்ற கோடு விழும். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் கடிக்கும் இடத்தில் நாளாவட்டத்தில் கீறல் விடும். மேலிருந்து டார்ச் அடித்தால் புத்தம் புதிது போல இருக்கும். கையை அடியில் விட்டு, கிளாம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் ஓரிடத்தில் கருப்பு எண்ணெய்ப் பசை ஒட்டும். அங்கே ஹோஸை இரண்டு கையாலும் வளைத்தால் நகக்கீறல் அளவு வெடிப்பு வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஐடிலிங்கில் மூடியிருப்பது முழு பூஸ்ட்டில் திறப்பதால்தான் வொர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரிவதில்லை. ஸ்மோக் மெஷினால் காற்றுப்பாதைக்குள் புகையை ஏற்றினால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஹோஸ் நன்றாக இருந்தால் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் டைவர்ட்டர் வால்வின் சவ்வு, வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர், அதை அளக்கும் பூஸ்ட் சென்சார் என்று போக வேண்டும்.

அடுத்த சந்தேகம் பெட்ரோல் அழுத்தம். உங்கள் காரில், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் இருந்தால் இரண்டு பம்ப் இருக்கும். டேங்க்குக்குள் இருப்பது சில பார் அழுத்தத்தில் முன்னே தள்ளும், எஞ்சின்மேல் இருப்பது அதை 150, 200 பார் வரை ஏற்றும். உங்களுக்கு மாற்றியது டேங்க் பம்ப் என்று நீங்கள் போட்ட பில்லைப் பார்த்தால் தெரிகிறது. மேலே இருக்கும் பம்போ அதன் சென்சாரோ தளர்ந்திருந்தாலும் முழு மிதியில் இதே அறிகுறிதான், பி0087 என்று கோடு வரும். மாற்றுவதற்கு முன் அழுத்தத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். அளந்திருந்தால் எண் இருக்கும். பிளக், காயில் மாற்றியதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டருக்குச் சில கார்கள் பெட்ரோலை நிறுத்திவிடும், மறுபடி ஸ்டார்ட் செய்யும்வரை தராது. ஆனால் அப்படி என்றால் வண்டி நடுங்கியிருக்கும், விளக்கு மினுக்கியிருக்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

த்ராட்டில் பாடிக்கு வருகிறேன். மிதியிலும் த்ராட்டிலிலும் இரண்டிரண்டு சென்சார்கள் இருக்கும், ஒன்று சொல்வதை இன்னொன்று சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் உடனே சக்தியைக் குறைக்கும், பி2135 போன்ற கோடு விழும். அந்தக் கோடைக் காட்டினால் த்ராட்டில் பாடி மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது, அப்போதும் கனெக்டரையும் வயரையும் ஆட்டிப் பார்த்த பிறகுதான். காட்டாமல் மாற்றச் சொன்னால் நான் என் காருக்கு மாற்ற மாட்டேன். இதோடு காசில்லாத இரண்டு சோதனைகள். மிதியடி நகர்ந்து ஆக்சிலரேட்டருக்குக் கீழே சுருண்டிருக்கிறதா பாருங்கள், மிதி முழுதாக இறங்காது. அப்புறம், பின்னால் ஒருவரை நிற்கவைத்து, காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதித்தால் எஞ்சினை அடக்கும் ஏற்பாடு இப்போதைய பெரும்பாலான கார்களில் உண்டு. பிரேக் சுவிட்ச் கெட்டுப்போனால் மிதிக்காத பிரேக்கை மிதித்ததாக நினைத்து அதே வேலையைச் செய்துவிடும் கார்களும் உண்டு.

எல்லை தாண்டி ஜொகூரில் போட்ட பெட்ரோலாக இருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதமாக, பல டேங்க் மாறிய பிறகும், ஒரே ஏற்றத்தில் மட்டும் வரும் பழுதுக்குப் பெட்ரோலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வண்டிகளுக்கு அங்கே ரான்95 ரகப் பெட்ரோல் போடத் தடை, நீங்கள் போட்டது 97 ஆகத்தான் இருக்க வேண்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிற்றே" என்பதற்கும் இதே பதில்தான். 3 வயதிலிருந்து 10 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சோதனை பிரேக், விளக்கு, புகை போன்றவற்றைப் பார்க்கும். ஏற்றத்தில் முழு பூஸ்ட் வருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பின் சீட்டுப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். தனியார் வாடகைக் காராக ஓடும் வண்டிகளில் அதன் வலையைக் கழற்றினால் பஞ்சு, முடி, பிஸ்கட் தூள் எல்லாம் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பேட்டரி சூடேறினால் சக்தி குறைவது அதன் இயல்பு. வலையைச் சுத்தம் செய்யாமல் பேட்டரி விலை கேட்க வேண்டாம். டொயோட்டா 2014-ல் 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது வேறு காரணத்துக்கு, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரின் மென்பொருளுக்காக. பழைய பிரியஸ் வாங்குபவர்கள் சேஸி எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று ஏஜென்டிடம் கேட்கலாம்.

ஓட்டலாமா என்ற கேள்வி. லிம்ப் மோடில் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வழக்கம்போல வேலை செய்யும். ஆபத்து பின்னால் வருபவரிடம்தான். 80-ல் வரும் லாரிக்கு முன்னால் நீங்கள் 50-ல் போய்ச் சேர்கிறீர்கள். பழுது தெரியும்வரை அந்தச் சுரங்க ஏற்றத்தைத் தவிர்த்து உள்சாலையில் போங்கள், பத்து நிமிடம் கூடுதலாகும், பரவாயில்லை. விரைவுச்சாலையில் வந்துவிட்டால் திரும்பத் திரும்ப மிதித்துப் போராட வேண்டாம். ஹசார்ட் விளக்கைப் போட்டு, இடப்பக்கம் ஒதுங்கி, ஓரப்பாதைக்கு வந்துவிடுங்கள். என்றாவது எஞ்சினே அணைந்தால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். ஓடும்போது சாவியை எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாலை காலியாக இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், டிரைவில் இருந்தால் கிளம்பாது. நின்றபின் எல்லோரும் இடப்பக்கக் கதவால் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். விரைவுச்சாலையில் நின்ற காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். தெரியாத டோ வண்டி தானாக வந்து நின்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது: டீலரிடம் வாங்கி நான்கு மாதம். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும், அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப என்று போகும். நான் வக்கீல் இல்லை. ஆறு வயதுக் காரில் தேய்மானம் எது, குறை எது என்பது வாதத்துக்கு உரியது, ஹோஸ் வெடிப்பைத் தேய்மானம் என்று டீலர் சொல்லக்கூடும். ஆனாலும் இன்றே அவருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், தேதி பதிவாகட்டும். அவர் மழுப்பினால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கப்புறம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. நீங்களே ஒவ்வொரு பார்ட்ஸாக மாற்றிக்கொண்டே போனால் டீலருக்குச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும், "வெளியே கை வைத்துவிட்டார்கள்" என்று. கழற்றிய பழைய பம்பையும் காயிலையும் வொர்க்‌ஷாப் இன்னும் எறியாமல் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வொர்க்‌ஷாப்பாக இருந்தாலும் வேலையை இப்படிக் கொடுங்கள்: மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், நீங்கள் வழக்கமாக ஓட்டும் அதே வழியில் ஓட்ட வேண்டும், கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், பெட்ரோல் அழுத்தம், த்ராட்டில் திறப்பு நான்கையும் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு மணி நேரக் கூலி கேட்பார்கள், கொடுங்கள், த்ராட்டில் பாடியைவிட மலிவு. அந்தப் பதிவும் ஃப்ரீஸ் ஃப்ரேம் படமும் கிடைத்தால் இங்கே போடுங்கள். இழுவை போகும் நொடியில் பூஸ்ட் முதலில் விழுந்ததா, பெட்ரோல் அழுத்தம் முதலில் விழுந்ததா, இரண்டும் நன்றாக இருக்கும்போதே த்ராட்டில் தானாக மூடியதா என்று பார்த்துச் சொல்கிறேன்.